நண்டு வீட்டை இடித்த கால்

குன்றடிக் காட்டின் குளக்கரையில் ஒரு புள்ளிமான் கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தில் மின்னியைப்போல ஓட ஆள் கிடையாது. ஆனால் அவள் நாலு நாள் ஓடினால் பத்து நாள் படுப்பாள்.

ஒருமுறை முழங்கால் வலித்தது. பச்சிலை வைத்தியம் பார்க்கும் குரங்கிடம் போனாள். அவர் ஏதோ இலையை மென்று முழங்காலில் பற்றுப் போட்டார். பத்து நாளில் வலி போயிற்று. பதினோராம் நாள் மின்னி குளத்தை ஏழு சுற்றுச் சுற்றி ஓடினாள். அந்த வாரமே தொடை பிடித்துக்கொண்டது. தொடைக்கும் பற்று. அடுத்த மாதம் இடுப்பு. அதற்கும் ஒரு பற்று. வாடகைக்குக் குடியிருப்பவர் வீடு மாற்றுவதுபோல வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது.

கோடையில் அந்தக் குளம் வற்றிவிடும். அப்போது மான்கள் பெரிய பொட்டலைக் கடந்து அக்கரைக் காட்டு ஆற்றுக்குப் போகும். பொட்டலில் ஒதுங்க ஒரு புதர் கூட இல்லை. செந்நாய்கள் மட்டும் நிறைய உண்டு. ஒரே ஓட்டமாக ஓடிவிட வேண்டும்.

கூட்டத்தின் தலைவர் கிளைக்கொம்பர் ஒருநாள் மின்னியிடம் வந்தார்.

"மின்னி, தண்ணி வத்த இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. நடுப்பொட்டல்ல உனக்குக் கால் பிடிச்சா நாங்க நிக்க முடியாதும்மா. இந்த வருஷம் நீ இங்கேயே..."

அவரால் சொல்லி முடிக்க முடியவில்லை. தண்ணீரில்லாத காட்டில் தனியாக இருப்பதென்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்குமே தெரியும். 

மின்னி அழுத கண்ணோடு தண்ணீர் குடிக்கப் போனாள். சேற்றுக்குள்ளிருந்து ஒரு நண்டு கோபமாக வெளியே வந்தார்.

"ஏம்மா, என் வீட்டு மேல உனக்கு என்ன விரோதம்?"

"எந்த வீடு?"

"இப்ப இடிச்சியே, அந்த வீடு. தினமும்தான் இடிக்கிறே. மூணு காலும் என் வாசலைத் தாண்டிப் போகுது. இடது பின்னங்கால் மட்டும் உரசிக்கிட்டே போகுது."

மின்னிக்குச் சுருக்கென்றது. "பக்கவாட்டுல நடக்கிறவரு எனக்கு நடை சொல்லித் தர்றீங்களாக்கும்?"

"பக்கவாட்டுல நடந்தாலும் நான் யார் வீட்டையும் இடிக்கலையே. நம்பலேன்னா சேத்தைப் பாரு."

மின்னி திரும்பிப் பார்த்தாள். மூன்று கால்களின் தடத்தில் முன்னால் இரண்டு குளம்பும், அவற்றின் பின்னால் இரண்டு சின்னப் புள்ளிகளும் பதிந்திருந்தன. மானின் கணுக்கால் நன்றாக மடங்கி இறங்கினால்தான் பின்பக்கத்துக் குட்டிக் குளம்புகள் சேற்றில் படும். இடது பின்னங்காலின் தடத்தில் புள்ளியே இல்லை. நுனி மட்டும் பதிந்து, மண்ணைக் கீறியிருந்தது.

குட்டியாக இருந்தபோது அந்தக் கால் ஒரு பாறை இடுக்கில் மாட்டியது அவளுக்கு நினைவு வந்தது. வீங்கியது, வடிந்தது, பிறகு ஒருநாளும் வலித்ததில்லை. அதனால் அவளும் மறந்துவிட்டாள். நேராக வைத்தியரிடம் போனாள்.

"வைத்தியரே, கணுக்காலைப் பாருங்க."

"வலிக்குதா?"

"இல்லை."

"வலிக்கிற இடம் சொன்னா மருந்து சொல்லுவேன். வலிக்காத இடத்துக்கு என்கிட்ட மருந்து ஏது?" என்று வைத்தியர் முதுகைச் சொறிந்துகொண்டார். இருந்தாலும் இரண்டு கணுக்காலையும் மடக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது மரக்கட்டை மாதிரியில்ல இருக்கு! இது மடங்காததால இதோட பாரத்தை எல்லாம் முழங்காலும் தொடையும் இடுப்பும் மாத்தி மாத்திச் சுமந்திருக்கு. சுமந்த இடத்துக்கே நான் மருந்து போட்டிருக்கேன். தப்பு என்னோடதுதாம்மா."

"இப்ப என்ன செய்யணும்?"

"தினமும் கொஞ்சம் கொஞ்சமா மடக்கிப் பழக்கணும். இதுக்கு இலை தழை எதுவும் உதவாது."

மறுநாள் காலையிலிருந்து மின்னி கரைச் சரிவில் மேட்டைப் பார்த்து நின்றாள். இடது பின்னங்காலில் மெல்லப் பாரத்தை இறக்கினாள். முப்பது மூச்சு வரை நிற்பாள். பிறகு சேற்றில் நடந்து தடத்தைப் பார்ப்பாள். புள்ளி ஒன்றும் இருக்காது. மற்ற மான்கள் பக்கத்தில் துள்ளி ஓடும்போது அவளுக்கு வயிறு எரியும்.

நண்டாரும் தினமும் வந்து பார்த்தார். "இன்னிக்கும் காணோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பன்னிரண்டாம் நாள் மங்கலாக ஒரு புள்ளி விழுந்தது. மின்னி தலைகால் புரியாமல் குளத்தை மூன்று சுற்று ஓடிவிட்டாள். மறுநாள் தொடை பிடித்துக்கொண்டது. எல்லாம் போச்சு என்று படுத்து அழுதாள்.

"ஒரு புள்ளிக்கே மூணு சுத்தா?" என்றார் நண்டார். "எழுந்திரு. பிடிச்சது தொடைதானே? கணுக்கால் நேத்து மடங்கின அளவு மடங்குதான்னு பாரு."

மடக்கிப் பார்த்தாள். மடங்கியது. சம்பாதித்தது கையைவிட்டுப் போகவில்லை என்று தெரிந்ததும் அவள் அழுகை நின்றது.

இந்த முறை அவசரப்படவில்லை. முதலில் நடந்தாள். பிறகு மெல்ல ஓடினாள். ஆசை மீறினால் பாதிச் சுற்றில் நின்றுகொண்டாள். குளம் சுருங்கச் சுருங்க இரண்டாவது புள்ளியும் விழுந்தது. கிளைக்கொம்பர் அவள் ஓடுவதைத் தூரத்திலிருந்து பார்த்தார். "சரி, வா. ஆனா கூட்டத்துக்கு நடுவுல ஓடு" என்றார்.

நண்டார் கோடைக்கு மண்ணுக்குள் இறங்கிய அன்று மான்கள் புறப்பட்டன. பாதிப் பொட்டலில் செந்நாய்கள் பக்கவாட்டில் பாய்ந்து வந்தன. பழைய மின்னியாக இருந்தால் கண்மண் தெரியாமல் முன்னால் பாய்ந்திருப்பாள். இன்று கூட்டத்தோடு ஒரே சீராக ஓடினாள். முழங்கால் வலிக்கவில்லை. தொடை பிடிக்கவில்லை. நாய்கள் மூச்சு வாங்கிப் பின்தங்கின. கடைசி மான்வரை எல்லாம் ஆற்றில் வாய் வைத்தன. மின்னி வயிறு முட்டக் குடித்தாள்.

மறுநாள் காலை கிளைக்கொம்பர் ஆற்றங்கரைக்கு வந்தார். சரிவில் மேட்டைப் பார்த்து மின்னி நின்றுகொண்டிருந்தாள்.

"அதான் வந்து சேர்ந்தாச்சே. கால் மறுபடி வலிக்குதா?" என்று பதறினார்.

"வலிக்கலை. வலிக்கலைன்னு விட்டுத்தான் இத்தனை நாள் படுத்துக் கிடந்தேன்" என்றாள் மின்னி. சிறிது யோசித்துவிட்டுக் கிளைக்கொம்பரும் பக்கத்தில் வந்து நின்று தன் கணுக்காலை மடக்கிப் பார்த்தார்.

வலிக்கும் இடத்தை மட்டும் பார்த்தால் வலி திரும்பத் திரும்ப வரும். குறை எங்கே என்று கண்டு, வலியில்லாத நாளிலும் அதைச் சரிசெய்பவரே தொடர்ந்து ஓடுவார்.