இரண்டு சொடுக்கு

துப்பாக்கி சுடும் சங்கத்தின் தலைவர் தனகோபால் தரையில் படுத்தபடி மூன்று குண்டுகளைச் சுட்டார். முந்நூறு மீட்டர் தள்ளி நின்ற இலக்கு அட்டை மூன்று முறையும் காயமில்லாமல் தப்பியது. பின்னால் விருந்தாளிகள் இருமினார்கள்.

"ஸ்கோப்பைக் கோணலா மாட்டி வெச்சிருக்கான்!" என்று எழுந்தவர், துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் சடையப்பனிடம் தன் துப்பாக்கியை நீட்டினார். "அடுத்த குண்டு நடுவுல விழோணும். இல்லாட்டி நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

அன்று காலையில்தான் சடையப்பன், குறி பார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் அதே ஸ்கோப்பை வைத்து நாலு குண்டையும் நடுவட்டத்தில் இறக்கியிருந்தான். அதைச் சொன்னால் வேலை அப்போதே போய்விடும். திருகுகளை இறுக்கிப் பார்த்தான். ஸ்கோப்பின் குமிழை இரண்டு சொடுக்கு வலப்பக்கம் திருப்பினான். பிறகு அதே இரண்டு சொடுக்கு இடப்பக்கம் திருப்பினான்.

"இந்தத் தடவை தப்பினா குண்டு மேல பழி வராதுங்க" என்று துப்பாக்கியைக் கொடுத்தான்.

தலைவர் படுத்துக் குறி பார்த்து விசையை இழுத்தார். 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. ஆனால் அவர் கண்ணை இறுக மூடித் தோளை வெட்டி இழுத்ததில் குழல் வானத்தைப் பார்த்தது.

"குண்டு போடலையாடா?"

"இல்லீங்க. போடாமலே இந்தக் குதி குதிக்குதே, போட்டா நிக்குமுங்களா?"

விருந்தாளிகள் சிரித்தார்கள். தலைவருக்கு முகம் சிவந்தது. "அப்ப ஸ்கோப்புல குத்தமே இல்லைங்கறயா?"

"கண்ணை மூடிட்டுச் சுடறதுக்கு ஸ்கோப்பு எதுக்குங்க?"

தலைவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நாளைக்கு வெள்ளெனவே வந்துரு" என்றார் மெதுவாக. "இவங்க யாரும் வர்றதுக்கு முந்தி."