பேரீச்சமரத்தடியில் மர்யம்

டைகிரிஸ் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் பக்தியார் என்றொரு சுல்தான் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் மோதிரம் போட்டுவிட்ட விரலையே மாலையில் வெட்டச் சொல்லும் குணம். அவர் நபிமார்களின் கதைகளைச் சித்திரங்களோடு புத்தகமாக்க ஆசைப்பட்டார். சித்திரக்கூடத்தின் தலைவர் சர்கீஸ் என்ற கிறிஸ்தவர். அந்தக் காலம் அப்படி. தூரிகை நன்றாக ஓடினால் போதும், எங்கே போய்த் தொழுகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

கேட்கவும் ஓர் ஆள் இருந்தான், அரண்மனை அதிகாரி ஃபத்லான். சர்கீஸின் இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்க அவனுக்கு நெடுநாள் ஆசை. புத்தகம் சபைக்கு வந்த அன்று ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினான்.

"சுல்தானே, மர்யமும் குழந்தையும். மாதா கோயில் படத்தை நம் புத்தகத்தில் நுழைத்திருக்கிறான்."

சுல்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. "சர்கீஸ், இனி நீ தூரிகை பிடிக்கக் கூடாது. இவன் பெருவிரலை வெட்டுங்கள்."

சர்கீஸ் கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார். வரைவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது.

முதன்மந்திரியான வஜீர் ஜுபைர் மெல்ல எழுந்தார். "உத்தரவு சரிதான், சுல்தானே. அதற்கு முன்னால், படத்தில் கோயிலிலிருந்து வந்ததை மட்டும் அதிகாரி சுரண்டி எடுக்கட்டும். குற்றம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்."

ஃபத்லான் ஆசையோடு கத்தியை எடுத்து, படத்திலிருந்த மரத்தில் வைத்தான்.

"அது பேரீச்சமரம். பிரசவ வலியில் மர்யம் சாய்ந்த மரம். நம் வேதத்தில் இருக்கிறது," என்றார் வஜீர்.

கத்தி கீழே ஓடைக்கு நகர்ந்தது.

"அதுவும் இருக்கிறது."

"அப்படியானால் இந்தப் பெண்..."

"அவர் பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. மடியில் இருப்பது ஈசா நபி, சர்கீஸ் இயேசு என்று அழைப்பவர். துணிச்சல் இருந்தால் சுரண்டுங்கள்."

ஃபத்லான் கத்தியைச் சட்டென்று பின்னிழுத்தான். கடைசியில் மர்யமின் தலையைச் சுற்றியிருந்த தங்க வட்டத்தைத் தொட்டான். "இதுதான். இந்த வட்டம் கோயில் படங்களில்தான் இருக்கும்."

"அப்பாடா, கண்டுபிடித்துவிட்டார்," என்று வஜீர் முதல் பக்கத்தைப் புரட்டினார். அங்கே சிங்காசனத்தில் சுல்தான், தலையைச் சுற்றித் தங்க வட்டம். பக்கத்தில் நிற்கும் ஃபத்லானுக்கும் ஒன்று. சுல்தானுடையதைவிடச் சற்றுப் பெரியது.

"இந்தப் பெரிய வட்டத்தை யார் போடச் சொன்னது, சர்கீஸ்?" என்றார் வஜீர்.

"அதிகாரிதான் ஐயா. தனக்கு எடுப்பாக இருக்க வேண்டுமென்று ஆள்மேல் ஆள் அனுப்பினார்."

வஜீர் பணிவாகக் கேட்டார். "அதிகாரி எந்தத் தலையிலிருந்து சுரண்ட ஆரம்பிக்கட்டும், சுல்தானே?"

சபை சிரிப்பை அடக்கப் பாடுபட்டது. முதலில் சிரித்தது சுல்தான்தான். பிறகு மர்யம் பக்கத்தைத் திருப்பி, அந்தப் பேரீச்சமரத்தை விரலால் தடவினார்.

"என் அம்மா கிரேக்கர்கள் வாழும் ரூம் தேசத்துக் கிறிஸ்தவப் பெண்," என்றார். "தூங்கவைக்கும்போது இந்தக் கதையைச் சொல்வாள். பிள்ளை பிறந்த இடம் ஒருநாள் அவள் வேதத்து மாட்டுக்கொட்டகை என்பாள், மறுநாள் நம் வேதத்துப் பேரீச்சமரம் என்பாள். எது நிஜம் என்று கேட்டால், 'ரெண்டிலும் பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டதே கண்ணா, அது போதாதா' என்று சிரிப்பாள். அவள் போனபின் எனக்கு யாரும் கதை சொன்னதில்லை." அவர் கண் கலங்கிவிட்டது.

சுல்தான் உத்தரவிட, ஃபத்லான் தன் தலைவட்டத்தைச் சபை பார்க்கத் தானே சுரண்டினான். அதன் பிறகு அவன் மைத்துனன் சித்திரக்கூடத்துப் பக்கமே வரவில்லை.

சுல்தான் சிங்காசனத்தை விட்டிறங்கி, சித்திரக்காரரின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"மர்யமுக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது," என்றார். "அங்கே ஒரு மாட்டுக்கொட்டகை வரைந்து கொடுங்கள், ஐயா."