ஆள்காட்டி சொல்லாத சேதி

ஒரு காட்டில் மழை ஓயும் சமயத்தில் இருமல் நோய் புகுந்தது, குழந்தைகளே. ஒரு விலங்கு இருமினால் பக்கத்தில் நின்ற நாலும் இருமும். மறுநாள் அந்த நாலில் ஒன்று எழுந்திருக்காது. அப்படிப்பட்ட பொல்லாத நோய்.

அந்தக் காட்டை யானைக் கூட்டமும் காட்டெருமைக் கூட்டமும் சேர்ந்து ஆண்டன. அவை எதிலும் ஒத்துப்போனதாகச் சரித்திரமே இல்லை. இந்த ஒன்றில் மட்டும் ஒத்துப்போய்க் கட்டளை போட்டன: நோய் போகும்வரை யாரும் இருப்பிடத்தை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தால் குடும்பத்தோடு காட்டை விட்டே துரத்திவிடுவார்கள்.

உள்ளேயே கிடந்தால் சாப்பாட்டுக்கு எங்கே போவது? அதற்கும் வழி இருந்தது. நல்ல காலத்தில் எல்லா விலங்குகளும் கிழங்கும் காய்ந்த பழமும் கொண்டுவந்து ஒரு குகையில் சேர்த்து வைத்திருந்தன. குகை வாயிலில் ஒரு பெரிய கல். இடப்பக்கம் யானைகளும் வலப்பக்கம் எருமைகளும் ஒரே நேரத்தில் தோள் கொடுத்தால்தான் அது நகரும். தனியாக யாரும் திறந்து தின்றுவிடக் கூடாது என்று முன்னோர் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், இரண்டு பக்கமும் பேசிக்கொள்கிறவரை.

யானைத் தலைவர் பெருங்கொம்பர் எல்லாவற்றையும் இப்போதே கொடுத்துவிட வேண்டும் என்றார். எருமைத் தலைவர் திமிலர் பாதியைக் கோடைக்கு வைக்க வேண்டும் என்றார். இப்படியே பதினோரு நாள் போயிற்று. அவர்களுக்கென்ன, குகையைச் சுற்றி மூங்கில் இருந்தது.

மருதிக்கு மூங்கில் இல்லை. மருதி ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருப்பாள். பயந்த சுபாவம். இலை விழுந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒரு மரப்பொந்தில் பிறந்து இருபது நாளான குட்டியோடு ஒடுங்கிக் கிடந்தாள். தின்ன ஒன்றும் இல்லாமல் அவளுக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. குட்டி முதலில் முட்டி முட்டிக் குடித்தது. பிறகு முட்டுவதற்கும் தெம்பில்லாமல் வாயை வைத்தபடி தூங்கிப்போனது.

தினமும் காலையில் ஆள்காட்டிக் குருவி பறந்து வரும். வெளியே எது நடமாடினாலும் கத்திக் காட்டிக்கொடுக்கிற அதே குருவிதான். காட்டில் நடப்பதை வளை வளையாகப் போய்ச் சொல்வது இப்போது அதன் வேலை. கல் எப்போது நகரும் என்கிற ஒரே ஒரு வார்த்தைக்காக மருதி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

குருவி என்ன சொல்லும் தெரியுமா? பெருங்கொம்பர் பிளிறியதில் திமிலர் இரண்டடி பின்வாங்கினாராம். மறுநாள், திமிலர் காலை உதைத்ததில் பெருங்கொம்பர் முகமெல்லாம் புழுதியாம். ஒரு நாள் யானைக்கு வெற்றி, மறுநாள் எருமைக்கு வெற்றி. அடுத்த வளை முள்ளம்பன்றி பசியை மறந்து கேட்டது. "எங்கள் திமிலர் விட்டுக்கொடுக்கவே மாட்டார்" என்று வயிறு ஒட்டிக் கிடந்தபடியே பெருமைப்பட்டது.

பதினோராம் நாள் மருதி தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, கல் எப்போது நகரும்?"

"அது என்ன சேதி, தங்கச்சி? நகராத கல்லைப் பற்றி யார் கேட்பார்கள்?" என்றது குருவி. அடுத்த வளைக்குப் பறந்துவிட்டது.

அன்று மத்தியானம் குட்டியை நக்கி எழுப்பினாள். அது கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஓடியது. கட்டளையாவது ஒன்றாவது. குட்டியைச் சருகால் மூடிவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். குருவி காட்டின் அந்தக் கோடியில் சேதி சொல்லிக்கொண்டிருந்த நேரம். புதருக்குப் புதர் பதுங்கிக் குகை வரைக்கும் போய்விட்டாள்.

அங்கே அவள் கண்டதை அவளாலேயே நம்ப முடியவில்லை. சண்டையும் இல்லை, புழுதியும் இல்லை. தலைவர்கள் இருவரும் நிழலில் சோர்ந்து உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கோடைக்குக் கொஞ்சம் வைக்கலாம், தம்பி. நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது" என்றார் பெருங்கொம்பர். "ஆனால் நான் சரி என்றால், யானை மண்டியிட்டது என்று நாளைக்கு அந்தக் குருவி கத்தும். என் கூட்டம் என்னை மதிக்காது."

"எனக்கும் அதே கதைதான், அண்ணே. முதலில் இறங்கி வந்தவன் தோற்றவன் என்றாகிவிட்டது" என்றார் திமிலர்.

தூரத்தில் குருவியின் குரல் கேட்டது. இருவரும் சட்டென்று எழுந்தார்கள். ஒருவர் பிளிற, ஒருவர் புழுதி கிளப்ப, பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

மருதிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. புரிந்ததும் பயம் இன்னும் கூடியது. கல் நகர வேண்டுமானால், தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடிய அந்தக் குருவியிடமே அவள் போய் நிற்க வேண்டும். குட்டியின் முகத்தை நினைத்துக்கொண்டு, தலைவர்கள் கண்ணில் படாத பக்கமாகப் புதரிலிருந்து வெளியே வந்தாள்.

அவள் எதிரில் வந்து இறங்கிய குருவி கத்துவதற்கு வாயைத் திறந்தது.

"அண்ணே, என்னைக் காட்டிக்கொடுப்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்" என்றாள் மருதி. "நாளைக் காலை கல்லில் முதலில் தோள் வைக்கப்போவது யார் என்று வளையெல்லாம் பந்தயமாம். முதலில் வைக்கிறவர்தான் பலசாலியாம். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அப்படி ஒரு பந்தயமும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். குருவிக்குக் கண் மின்னியது. தனக்குத் தெரியாத சேதி ஒன்று காட்டில் உலாவுவதை அதனால் பொறுக்க முடியுமா? மருதியை அப்படியே மறந்துவிட்டு, "நாளை முதலில் தோள் வைப்பவர் யார்? யானையா, எருமையா?" என்று காடு முழுக்கக் கத்திக்கொண்டு பறந்தது. பொழுது சாய்வதற்குள் இல்லாத பந்தயம் உண்மையாகவே நடந்தது. முள்ளம்பன்றி எருமைப் பக்கம் கட்டியது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக இரண்டு கூட்டமும் இரண்டு பக்கமும் ஓடி வந்து கல்லில் மோதின. கல் கடகடவென்று உருண்டது.

பாதி கோடைக்கு என்று உள்ளே நிற்க, மீதியைக் குரங்குகள் குடும்பத்துக்கு ஒன்றாகக் குவித்து வைத்தன. நோய் தொற்றாமல் ஒவ்வொன்றாக வந்து எடுத்துப் போகச் சொன்னார்கள். மருதி தன் பங்கில் வயிறு கொண்டமட்டும் அங்கேயே வாரித் தின்றுவிட்டு ஓடினாள். அந்தி சாயும் நேரத்தில் அவளுக்குப் பால் சுரந்தது. குட்டி இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தது. அவள் விக்கி விக்கி அழுதாள்.

இரண்டு நாள் கழித்து மிச்சத்தை எடுக்க மருதி மறுபடி குகைக்குப் போனாள். ஏழு குவியல்கள் யாரும் தொடாமல் வைத்த இடத்திலேயே இருந்தன. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. எடுத்துப் போக யாரும் வரவில்லை. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் எட்டாவது குவியல் யாருடையதாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

குருவி அந்தக் குவியல் ஒன்றின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, இந்த ஏழு வீட்டுக்காரர்கள் ஏன் வரவில்லை? அதைக் கொஞ்சம் காட்டில் சொல்லுங்களேன்" என்றாள்.

"சொல்லலாம், தங்கச்சி. முதலில் தோள் வைத்தது யானையா எருமையா என்று இன்னும் முடிவாகவில்லை. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு, குருவி குவியலிலிருந்து எழும்பி அவசரமாகப் பறந்து போயிற்று.

நீதி: யார் ஜெயித்தார் என்பதையே சேதியாகக் கேட்கும் காட்டில், யார் செத்தார் என்பது யார் காதிலும் விழாது.