மஞ்சத்துணியில போன மீன் காசு

காலை நீட்டிப் படு. போர்வைய இழுத்துக்கோ. அத்தை கதை சொன்னா நீ 'ம்' கொட்டணும். உன் 'ம்' நின்னுச்சுன்னா கதையும் அங்கனயே நின்னுரும், ஆமா.

"ம்."

இப்பவே வேண்டாம்டீ, நான் இன்னும் ஆரம்பிக்கல.

ஒரு ஊர்ல ஒரு கண்டக்டர் இருந்தாரு. பேரு பூவலிங்கம். டவுன் பஸ்ஸு கண்டக்டரு. பை எப்பவும் சலக்கு சலக்குன்னு ஆடிக்கிட்டே இருக்கும். ஒரு நாளு ஆத்து மணல் அள்ளுற ஆளு ஒருத்தர் பஸ்ல ஏறினாரு. அவருகிட்ட டிக்கெட்டுக்குக் காசு இல்ல. "மணலுக்குள்ள கெடந்துச்சு, இதை வச்சுக்கோங்க"ன்னு ரெண்டு செப்புக் காசை நீட்டினாரு. ஒரே கருப்பு. உத்துப் பாத்தா ஒரு பக்கம் ரெட்டை மீனு, மறு பக்கம் ஒரு ஆளு நிக்கான். நம்ம கண்டக்டர் தன் சட்டப்பையில இருந்து டிக்கெட்டுக்குக் காசைப் போட்டுட்டு, ரெண்டையும் வாங்கி வச்சுக்கிட்டாரு. அன்னைக்குப் பூரா மனுசன் விசிலை ஊத மறந்து, பஸ்ஸு நிக்க வேண்டிய எடத்துல நிக்காம, எல்லாருகிட்டயும் ஏச்சு வாங்கினாரு.

"ம்."

அப்புறம் வீட்டுக்கு வந்தாரு. வீட்ல அவரு பொண்டாட்டி வெள்ளத்தாய். நல்ல பொம்பளை, ஆனா கைல புளி இருந்தா நிக்க மாட்டா. குத்துவிளக்கைத் தேய்ப்பா, சொம்பைத் தேய்ப்பா, கதவுத் தாப்பாளைக்கூட விட மாட்டா. பூவலிங்கம் மேசை மேல ஒரு காசை வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டு வர்றதுக்குள்ள, சரக் சரக் சரக்னு தேய்ச்சு, கழுவி, தொடைச்சு, "பாருங்க, புதுசு கணக்கா ஆக்கிட்டேன்"னு நீட்டுறா. காசு பளபளன்னு மின்னுது. மீனு மட்டும் பாதியக் காணோம்.

அதைத் தூக்கிக்கிட்டு அவரு வாட்ச் கடை காஜா பாய்கிட்ட ஓடினாரு. பாய் வாட்ச் ரிப்பேர் பாக்குறவரு, பழைய காசும் சேக்குறவரு. கண்ணாடிய மூக்குல எறக்கிப் பாத்துட்டு, "ஏன்யா, அந்தக் கருப்புதான் இதோட தோலு. தோலை உரிச்சுட்டு வந்து நிக்கியே. இது இனிமே சட்டைப் பித்தானுக்குத்தான் ஆகும்"னாரு.

"இன்னொண்ணு இருக்கு பாய்."

"அதையாவது காப்பாத்து. புளி ஆகாது, சாம்பல் ஆகாது. விரலால தடவாத, ஓரத்தைப் புடி. நாத்தம் அடிக்கிற பிளாஸ்டிக் கவர் ஆகாது, பச்சை பூத்துரும். வெறும் காயிதத்துல சுத்தி, ஈரம் படாத எடத்துல வையி."

"வித்தா என்ன பெறும்?"

"முந்நூறு ரூவா பெறும். நீ விக்க மாட்ட, ஏன் கேக்க?"

அதுவும் சரிதான். ஆனா புளி இருக்கிற வீட்ல காசை எங்க வைக்க? கேட்டியா, "இதைத் தேய்க்காதம்மா"ன்னு பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு. இந்த ஆம்பளைங்களுக்கு அது மட்டும் தோணவே தோணாது. ஒளிச்சு வைக்கத்தான் தோணும்.

"ம்."

மொதல்ல அரிசி டப்பாக்குள்ள வச்சாரு. ஈரம் இருக்காதுல்ல. மறுநாளு வெள்ளத்தாய் இட்லிக்கு அரிசிய அள்ளி ஊறப்போட்டு, கிரைண்டர்ல போட்டா. கடகட கடகட கடக் கடக் கடக். "என்னத்தைத் திங்குது இது?"ன்னு கைய விட்டுப் பாத்தா, காயிதம் மாவாயிருச்சு, காசு மட்டும் கையில வந்துச்சு. அவ கை நேரா புளிச் சட்டிக்குப் போச்சு பாரு, நம்மாளு பாஞ்சு வந்து புடுங்கிக்கிட்டாரு. "பஸ்ஸு காசு, பஸ்ஸு காசு"ன்னு ஒரு பொய்.

ரெண்டாவதா தன் கண்டக்டர் பையிலயே வச்சாரு. அந்தப் பையத்தான் வெள்ளத்தாய் தொட மாட்டாளே. கருப்பட்டி யாவாரத்துக்குப் போற ஒரு பாட்டி மீதிச் சில்லறை கேட்டுச்சு. கூட்டம் நெருக்குது, இவரு பாக்காம அள்ளிக் குடுத்துட்டாரு. பாட்டி எறங்கிப் போயாச்சு. அடுத்த நிறுத்தம் வர்றதுக்குள்ள பையத் தடவிப் பாத்தா காசைக் காணோம். பீய்ங்னு விசிலை ஊதி பஸ்ஸை நிப்பாட்டி, எறங்கித் திரும்ப ஓடுறாரு, திடு திடு திடுன்னு. பஸ்ஸு நிறைய சனங்க ஜன்னல் வழியா எட்டிப் பாக்குது. பாட்டி சொல்லுது, "நல்லவேளை வந்த. செல்லாத காசைத் தள்ளிவிடப் பாத்தியா நீ?"ன்னு. திட்டிக்கிட்டேதான் குடுத்துச்சு.

"பாட்டி பாவம்."

பாட்டி ஒண்ணும் பாவம் இல்ல, ரெண்டு ரூவா சேத்து வாங்கிட்டுத்தான் விட்டுச்சு.

மூணாவதா ரொம்ப யோசிச்சாரு. புளி தொடாத எடம், கை தொடாத எடம், எது? அப்போ ஒரு யோசனை வந்துச்சு பாரு. காசைக் காயிதத்துல சுத்தினாரு. அதைக் காஞ்ச மஞ்சத்துணியில வச்சு முடிஞ்சு, சாமி படத்துக்குப் பின்னால வச்சுட்டாரு. மஞ்சத்துணி முடிச்சுன்னா என்னன்னு உனக்குத் தெரியும்ல?

"தெரியும். அம்மா எனக்குக் காதுவலி வந்தப்ப முடிஞ்சாளே."

அதேதான். சாமிக்கு நேந்துக்கிட்டு முடியறது. அதை யாராவது அவுப்பாங்களா? தேய்ப்பாங்களா? மாட்டாங்க. இனிமே கவலை இல்லன்னு பூவலிங்கம் நிம்மதியா வேலைக்குப் போனாரு.

ஆனா ஒண்ணை மறந்துட்டாரு மனுசன். முடிச்சை யாரும் அவுக்க மாட்டாங்க, வாஸ்தவம். ஆனா கோயிலுக்குப் போறவங்க அதை எடுத்துட்டுப் போய் உண்டியல்ல போட்டுருவாங்கல்ல.

"ஐயோ."

குலசாமிக்குக் கொடை வந்துச்சு. மூணு நாள் திருவிழா. மொத நாளே வெள்ளத்தாய் கோயிலுக்குப் போயிட்டு வந்து, அவருக்கு முன்னால உக்காந்தா. கண்ணு ரெண்டும் கலங்கியிருக்கு. "போன மாசம் டைபாய்டு வந்து கெடந்தேனே, எனக்காக முடிஞ்சு வச்சிருந்தீக, ஒரு வார்த்தை சொல்லலியே. நானே எடுத்துட்டுப் போயி உண்டியல்ல போட்டுட்டேன். அம்மன் நல்லா வச்சிருக்கா"ன்னா.

சாப்பிட்டுக்கிட்டிருந்தவரு எடுத்த சோத்தைத் தட்டுலயே வச்சுட்டாரு. "அது வேண்டுதல் இல்ல, என் காசு"ன்னு சொல்ல முடியுமா, நீயே சொல்லு? அவ மூஞ்சியப் பாத்துட்டு, சொல்ல முடியுமா?

"முடியாது."

"ம்ம்"னு மட்டும் சொன்னாரு. உன்னை மாதிரியே.

அப்புறம் மூணாம் நாளு. உண்டியலைத் தொறந்து எண்ணுவாங்க. காணிக்கையா வந்த வெள்ளிக் கண்ணு, சேலை, எலுமிச்சம்பழம், எல்லாத்தையும் மைக்கு வச்சு ஏலம் போடுவாங்க. இவரு "எனக்கு இன்னைக்கு டூட்டி"ன்னு பொய் சொல்லிட்டு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஆம்பளைங்க கூட்டத்துக்குள்ள போய் நின்னுக்கிட்டாரு. டமடம டமடமன்னு மேளம். பூசாரி மஞ்சத்துணிய அவுத்து, காயிதத்தைப் பிரிச்சு, காசைத் தூக்கிக் காட்டினாரு. "மீன் போட்ட பழைய செப்புக் காசு. அம்மனுக்கு வந்தது. யாரு கேக்கீக?"

"நூறு"ன்னு துண்டுக்குள்ள இருந்து இவரு சொன்னாரு.

"ஆம்பளைங்க பக்கம் நூறு, ஒரு தரம்"னாரு பூசாரி. அப்போ பொம்பளைங்க கூட்டத்துல ஒரு கை மேல வந்துச்சு. மேளச் சத்தத்துல குரல் கேக்கல, ஆளும் தெரியல. "பொம்பளைங்க பக்கம் எறநூறு."

இவருக்குப் புசுபுசுன்னு கோவம் வந்துச்சு. "முந்நூறு."

"பொம்பளைங்க பக்கம் நானூறு."

"ஐநூறு." கைல இருக்கிறதே எழுநூறு ரூவாதான், ஞாபகம் வச்சுக்கோ.

"பொம்பளைங்க பக்கம் அறுநூறு."

"எழுநூறு"ன்னு கத்தினாரு. எந்தக் கொழுப்பெடுத்தவ இவ, காசைப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்னு மனசுக்குள்ள ஒரே ஏச்சு. யாரா இருக்கும் சொல்லு?

"வெள்ளத்தாய்."

நீ இன்னும் தூங்கலியா? ஆமாடீ, அவதான். காயிதத்தைப் பிரிச்சதும் மீனைப் பாத்துட்டா, கிரைண்டர்ல கெடந்த காசு இதுன்னு கண்டுக்கிட்டா. இந்த மனுசன் தனக்கு ரொம்பப் பிரியமானதையா எனக்காக நேந்துக்கிட்டாருன்னு அவளுக்கு மனசு பொங்கிருச்சு. எப்பாடு பட்டாவது ஏலத்துல எடுத்து அவரு கையிலயே குடுக்கணும். அம்மன் கட்டின பட்டுச்சேலைய ஏலத்துல எடுக்கணும்னு வீட்டுச் செலவுல மிச்சம் புடிச்சு, அவருக்குத் தெரியாம ஒரு வருசமா சேத்த சிறுவாடு அவ முந்தானையில இருந்துச்சு. அதை அவுத்துட்டா.

"பொம்பளைங்க பக்கம் எண்ணூறு. ஒரு தரம்." இவரு சட்டப்பையத் தடவுறாரு. "ரெண்டு தரம்." இடுப்பைத் தடவுறாரு. "மூணு தரம்." டமார்னு மேளத்துல ஒரு அடி. போச்சு.

பூவலிங்கம் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு அந்தப் பொம்பளைய ஒரு வார்த்தை கேக்கணும்னு போனாரு. போய்ப் பாத்தா, கைல காசோட நிக்கா வெள்ளத்தாய்.

"டூட்டின்னீக?"

இவரு தலையில இருந்த துண்டை எடுத்தாரு. பொய் சொல்ல ஒண்ணும் மிச்சமில்ல. "தாயி, அது வேண்டுதல் இல்ல. ஒளிச்சு வச்சேன். உன் புளிக்குப் பயந்துக்கிட்டு."

அவ மூஞ்சி அப்படியே வாடிப்போச்சு. மெதுவா கேட்டா, "அப்ப எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, எனக்காக ஒண்ணும் முடியலியா?"

"இல்ல. ஆசுபத்திரி பெஞ்சுலயே ஆறு நாளு கெடந்தேன். சாமி நெனப்புகூட வரல. நீ கண்ணைத் தொறக்கியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"ம்."

அவளும் 'ம்'னுதான் சொன்னா. ஆனா அந்த 'ம்'ல பாதிக் கோவம் போயிருந்துச்சு. இப்பவாவது உனக்காகப் போடுறேன்னு, காசை வாங்கித் திரும்பவும் உண்டியல்ல போட இவரு கைய நீட்டினாரு. அவ கைய மூடிக்கிட்டா. "இது ஏலத்துல நான் எடுத்தது. என் காசு. உங்களுக்கு வேணும்னா ஒத்த ரூவாய முடிஞ்சு போடுங்க, அம்மன் ஏத்துக்குவா. இதை எப்படி வைக்கணும், அதைச் சொல்லுங்க."

ஓரத்தைப் புடிக்கணும், புளி ஆகாது, காயிதத்துல சுத்தணும், ஈரம் படக்கூடாதுன்னு எல்லாத்தையும் ஒப்பிச்சாரு. அவ தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டா.

"அது சரி, எங்க வைப்ப?"ன்னாரு இவரு.

"கல்யாணமாகி இருவது வருசமாச்சு. நான் சிறுவாடு எங்க வைக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தேடிப் பாத்திருக்கீகளா?"

அவரு தரையப் பாத்துக்கிட்டு, "பாத்திருக்கேன்"னாரு.

"கெடச்சுதா?"

"இல்ல."

"அங்கதான் இருக்கும், வாங்க"ன்னா.

அவ்வளவுதான். மேளம் நின்னாச்சு, கொடை முடிஞ்சாச்சு, கதையும் வீட்டுக்குப் போயாச்சு. நீ கண்ணை மூடு.

"அத்தை... எங்க வச்சா?"

அதைச் சொல்லுவேனாடீ? உங்க மாமா வேற முழிச்சுக்கிட்டுக் கெடக்காரு. தூங்கு.