ராஜாவின் மீசையில் மல்லிகை

பூங்காவனூர் ராஜா வீரகேசரிக்கு எதிலும் ஒசத்திதான் வேணும். செருப்புக்கூடக் கப்பலில் வந்தால்தான் கால் உள்ளே போகும். இது தெரிந்துகொண்டு ஒரு வண்டி நிறையக் காபிக்கொட்டை மூட்டைகளோடு வந்து சேர்ந்தார் வியாபாரி பூவராகன்.

"மன்னா, இது கொலம்பியா தேசத்துக் காபி. மலைச்சரிவில் ஒரு சின்னத் தோட்டம். புருஷனும் பெண்டாட்டியும் பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்து, தோலை உரித்து, வழவழப்புப் போக மலைத்தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்தது. வேறு தோட்டத்துக் கொட்டை ஒன்றுகூட இதில் கிடையாது. பாலோ சர்க்கரையோ சேர்த்தால் பாவம்! உயர்ந்த நாக்கு உள்ளவர்களுக்கு முதலில் ஆரஞ்சுத் தோல், நடுவில் மல்லிகை, கடைசியில் வெல்லம் என்று ருசி வரும்."

ராஜா ஒரு மடக்குக் குடித்தார். நாக்கில் வசம்பு வைத்த பிள்ளை மாதிரி முகம் கோணியது. ஆனால் உயர்ந்த நாக்கு இல்லை என்று ஒரு ராஜா சொல்ல முடியுமா?

"ஆகா, மல்லிகை!" என்றார்.

சபையே "மல்லிகை! மல்லிகை!" என்றது. படைத்தலைவருக்குத் தாழம்பூ வாசம்கூட வந்துவிட்டது. அன்றைக்கே பூவராகன் காபி மந்திரி ஆனார். காபியில் எதையாவது கலந்தால் நாடு கடத்தல் என்று சட்டமும் வந்தது. ஆறு மாசம் அரண்மனை முழுக்கக் கசப்பைக் குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே நடமாடியது.

அப்போதுதான் அடுக்களைக்குப் புதிதாக வேலைக்கு வந்தாள் பாவாயி. இடுப்பில் கைக்குழந்தை. காபி மந்திரி யாரோ ஒரு விருந்தாளியிடம், "ஆரஞ்சுத் தோல், மல்லிகை, வெல்லம்!" என்று பெருமை பேசியது அவள் காதில் விழுந்தது. ஓகோ, இதுதான் பக்குவம்போல என்று நினைத்துக்கொண்டாள். ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப் போட்டாள், ஒரு பிடி மல்லிகை போட்டாள், ஒரு கட்டி வெல்லத்தையும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொண்டுபோய்ச் சபையில் வைத்தாள்.

ராஜா கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். சட்டென்று கண் திறந்தது.

"பூவராகா! மல்லிகை! நிஜமாவே மல்..." என்றவர் வாயை மூடிக்கொண்டார்.

பூவராகன் பார்த்தார். ராஜாவின் மீசையில் ஒரு மல்லிகை இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கலப்படம்! பிடி அவளை!" என்று காவலாளியிடம் கத்தினார் பூவராகன்.

பாவாயி மிரண்டு போனாள். "நீங்கதானே சாமி சொன்னீங்க, ஆரஞ்சுத் தோலு, மல்லிப்பூ, வெல்லம்னு? உப்பு சொல்லலை, அதான் போடலை."

"சட்டப்படி இவளைப் பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டி விரட்ட வேண்டும்" என்றார் பூவராகன்.

"கைப்பிள்ளையோட நான் எங்க சாமி போவேன்?" என்று அழுதாள் பாவாயி. ராஜாவுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் சட்டம் அவர் போட்டதாயிற்றே! வேறு வழியில்லாமல் அரண்மனை விகடகவி திருமேனியைப் பார்த்தார். அந்தச் சபையில் ராஜாவையே கேலி பேசத் துணிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

திருமேனி எழுந்தார். "விரட்டிடுவோம் மன்னா. சட்டம்னா சட்டம்தான். அதுக்கு முன்னால ஒரு சின்ன விசாரணை. பூவராகரே, நேத்துக் காபியில மல்லிகை இருந்துதா?"

"சந்தேகமென்ன? இருந்தது."

"ஆரஞ்சு?"

"முதல் மடக்கிலேயே!"

"வெல்லம்?"

"நாக்கு நுனியில் நின்றது."

"மன்னா, உங்களுக்கு?"

ராஜா இருமினார். "ம்... இருந்தது."

"சபையோரே?"

"இருந்தது, இருந்தது!"

"சரி பூவராகரே, இன்னைக்குக் காபியில என்ன இருக்கு?"

"அதான் பார்த்தீரே! மல்லிகை, ஆரஞ்சு, வெல்லம்!"

"நேத்து இருந்ததேதான் இன்னைக்கும் இருக்கு. அப்புறம் இந்தப் பொண்ணு புதுசா என்னத்தைக் கலந்தா?"

பூவராகனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "என்னய்யா பேசுகிறீர்? நேற்று இருந்தது சும்மா பேச்சுக்கு! இன்றைக்கு நிஜமாகவே இருக்கிறது!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"அவ்வளவுதான் மன்னா" என்றார் திருமேனி. "இவர் வாயால போட்டதை அவ கையால போட்டா. இதுல யாரை விரட்டணும்னு நீங்களே சொல்லுங்க."

ராஜா மீசையில் இருந்த இதழைத் தட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பாவாயி, நீ எங்கேயும் போகவேண்டாம். இனி என் காபி உன் இஷ்டம், தாராளமாகப் பால் ஊற்று. பூவராகா, உன்னைக் கொலம்பியாவுக்கே அனுப்பிவிடுகிறேன்!"

"வேண்டாம் மன்னா" என்றார் திருமேனி. "அந்தத் தோட்டக்காரர் என்ன தப்புப் பண்ணினார்? அவர் நல்லாக் கழுவித்தான் அனுப்பியிருக்கார். அழுக்கெல்லாம் இங்க வந்து ஒட்டினது."

"அப்படியானால் மிச்ச மூட்டைகளைப் பூவராகனே இங்கே உட்கார்ந்து குடிக்கட்டும். பாலும் கூடாது, சர்க்கரையும் கூடாது!" என்ற ராஜா திடீரென்று திரும்பினார். "அது சரி திருமேனி, ஆறு மாசமாக நீரும்தான் குடித்துவிட்டுத் தலையாட்டினீர். உமக்கு என்ன வாசம் வந்தது?"

"எனக்கா மன்னா? முதல் மடக்குலேருந்து கடைசி மடக்கு வரைக்கும் ஒரே வாசம்தான்."

"என்ன வாசம்?"

"சம்பள வாசம்."