கண்ணுக்கு முன் அலகு நீட்டாத கொக்குகள்

கோரைக்குளத்தில் நாற்பது உண்ணிக்கொக்குகள் இருந்தன. எருமை முதுகில் ஏறி உண்ணி பொறுக்குவது அவற்றின் தொழில். எருமைகள் நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் வெட்டுக்கிளியெல்லாம் கொக்குகளுக்குக் கூலி. எந்தக் கொக்கு எந்த எருமைக்கு என்று பிரித்துவிடுவது, சண்டை வந்தால் தீர்ப்பது, பேரம் பேசுவது எல்லாம் வெடியன் என்ற கரிச்சான் குருவிதான்.

வெடியன் ஆள் ஒரு கைப்பிடிதான். கோபமோ பனைமர உயரம்! குஞ்சாக இருந்தபோதே காற்று கூட்டைப் பிய்த்துப் போட்டது. யாரும் ஒரு வாய் இரை ஊட்டவில்லை. காக்கையோடு மல்லுக்கட்டி, பருந்தை விரட்டி, தானாகத் தலையெடுத்தவன். "கேட்டால் பாதி கிடைக்கும், அதட்டினால் முழுசும் கிடைக்கும்!" என்பான்.

அந்த ஐப்பசி மழையில் ஒரு புது வகை உண்ணி வந்தது. அது முதுகில் ஒட்டாமல் நேரே காதுக்குள் புகுந்தது. மந்தைத் தலைவி கருமேகியின் வலது காது பனங்காய்போல் வீங்கிவிட்டது. கருமேகிக்கு இடது கண் கிடையாது. கன்றாக இருந்தபோது ஒரு காக்கை கொத்திவிட்டது.

"வெடியா! காதுக்குள்ள அடுப்பு எரியுதுடா. பௌர்ணமிக்குள்ள வழி பண்ணு. இல்லேன்னா மந்தையோட மேலக்குளத்துக்குப் போயிடுவேன். அங்க மைனாக்கள் காதுக்குள்ளயும் வேலை பாக்குதாம்!"

வெடியன் திரும்பிப் பார்த்தான். கருவேலமரத்தில் கூட்டுக்கூட்டாகக் கொக்குக் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மந்தை போனால் அத்தனையும் பட்டினி.

உடனே கொக்குகளைக் கூட்டினான். "நாளையிலிருந்து காது வேலையும் உண்டு!"

"மாட்டோம், அண்ணே," என்றது சுண்ணாம்பி என்ற கொக்கு. "எருமை கண்ணுக்கு முன்னால நாங்க அலகை நீட்டுறதில்ல. அது எங்க வழக்கம்."

உண்மைதான். கோரைக்குளத்துக் கொக்குகள் எப்போதும் பின்பக்கமாக வந்து வாலருகே இறங்கும். தோள்வரை நடக்கும். அதற்கு மேல் ஓர் அடி வைக்காது.

"காது வேலை பார்க்கிறவனுக்குக் கரையோர மேய்ச்சல்ல கிளம்புற வெட்டுக்கிளி முழுசும்!"

ஒரு கொக்கும் அசையவில்லை.

"அப்படியா சேதி! நாளைக்கே மைனாவைக் கூட்டிட்டு வர்றேன். நீங்க ஒத்தைக்கால்ல நின்னு வேடிக்கை பாருங்க!"

"எப்பவும் அப்படித்தானே அண்ணே நிக்கிறோம்," என்றது பின்வரிசைக் கொக்கு ஒன்று.

வெடியன் சொன்னதைச் செய்தான். மறுநாள் மைனா ஒன்று வந்து நேராகக் கருமேகியின் மூக்கின் மேல் உட்கார்ந்தது. இருக்கிற ஒரே கண்ணை நோக்கி மஞ்சள் அலகு வருவதைக் கருமேகி பார்த்தாள். அவ்வளவுதான்! அலறிக்கொண்டு தலையை வீசினாள். மைனா பறந்த இடம் தெரியவில்லை. கருமேகி சேற்றில் சறுக்கி விழுந்தாள்.

கூலியும் இல்லாமல், கூப்பிடுவாரும் இல்லாமல், நாலு கொக்குகள் பின்பக்கமாக வந்து அவள் முதுகில் ஏறின. உண்ணி பொறுக்கவில்லை. சும்மா நின்றன. நடுக்கம் அடங்கும்வரை நின்றன.

வெடியன் அந்த நாலு கொக்குகளையே பார்த்தான். இத்தனை வருஷம் இவர்களை மேய்த்தோம், இதை ஒரு நாளாவது பார்த்தோமா? முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அந்த வழக்கம் எதுக்கு, சுண்ணாம்பி?"

"அன்னிக்குக் காக்கா கொத்தினப்போ எங்க ஆளுங்க அவ முதுகுலதான் இருந்தாங்க. அதுக்கப்புறம் கண்ணுக்கு நேரா அலகு வந்தாலே அவ மிரளுவா. அன்னியிலிருந்து எங்க கூட்டத்துக்கே ஒரு சொல்தான் அண்ணே. நம்மளைக் கண்டு எருமை பயப்படக் கூடாது."

"பயப்படக் கூடாது!" என்றன நாற்பது கொக்குகளும் ஒரே குரலில்.

வெடியன் தன் தலையில் தானே கொத்திக்கொள்ளாத குறை. "அட, விற்காத சாமானுக்கு விலை பேசியிருக்கேனே!" என்று முணுமுணுத்தான். பிறகு நிமிர்ந்தான்.

"சரி, நான் ஒண்ணு கேக்கிறேன். இப்ப அவ பயப்படலையா? கண்ணு ஒண்ணு போச்சு. காதும் போனா புலி வர்றது எப்படித் தெரியும்னு தண்ணி குடிக்கக்கூடத் தனியா போக மாட்டேங்கிறா. நீங்க வழக்கத்தைக் காப்பாத்துறீங்க. பயம் காது வழியா உள்ள போயிடுச்சே!"

கொக்குகளுக்குள் பெரிய சண்டை மூண்டது. வழக்கம் என்றது ஒரு பக்கம், கருமேகி என்றது இன்னொரு பக்கம். நாள் முழுக்க வெடியன் வாயைத் திறக்கவில்லை. பருந்தை விரட்டியதுகூட அவனுக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை!

பொழுது சாயும்போது சுண்ணாம்பி கேட்டது. "அலகு தெரிஞ்சாத்தானே பயம்?"

அந்த மாலையே குளக்கரை உருண்டைக் கல் ஒன்றைக் கண்ணாக நினைத்து, அதன் மேல் சிறகை விரித்து மூடிப் பழகியது.

மறுநாள் காலை வழக்கம்போல் வாலருகே இறங்கியது. தோள்வரை நடந்தது. அங்கே நின்று மூச்சு வாங்கியது. பிறகு எந்தக் கொக்கும் தாண்டாத இடத்தைத் தாண்டிக் கொம்பருகே போனது.

"அக்கா, சிறகு வருது."

வெள்ளைச் சிறகு கருமேகியின் கண்ணை இமைபோல் மூடியது.

"அக்கா, இப்ப அலகு வருது. காதுக்குத்தான்."

அதன் பின்னாலேயே வந்திருந்த இன்னொரு கொக்கு காதுக்குள் அலகை விட்டது. கருமேகியின் உடம்பு நடுங்கியது. கால் மட்டும் நகரவில்லை. ஒவ்வொரு உண்ணிக்கும் சொல்லிச் சொல்லி எடுத்தன. ஏழாவது உண்ணி விழுந்ததும், "இந்தப் பக்கம் காத்து வீசுறது கேக்குதுடி!" என்றாள் கருமேகி.

அதன் பிறகு யாரும் யாரையும் ஏவவில்லை. இரண்டிரண்டு கொக்காகச் சேர்ந்து அடுத்த எருமைக்குப் போயின. பௌர்ணமி வந்தது. மந்தை எங்கும் போகவில்லை. மேலக்குளத்து எருமைகள்தான் காதை ஆட்டிக்கொண்டு இங்கே வந்தன!

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் வெடியன் அவசரமாகப் பறந்துவந்து, பழைய பழக்கத்தில் கருமேகியின் கொம்பில் உட்காரப் போனான்.

"அண்ணே!" என்று மறித்தது போன வருஷத்துக் குஞ்சு ஒன்று. "வாலுப் பக்கமா வாங்க! கண்ணுகிட்ட போனா முதல்ல சிறகு, அப்புறம்தான் அலகு. ஆதிகாலத்திலிருந்து இதுதான் எங்க வழக்கம்!"

"ஆதிகாலமா? போன ஐப்பசியிலதாண்டா..." என்று சீறவந்த வெடியன், சொல்லை அப்படியே விழுங்கினான். சுற்றிப் பறந்துபோய், வாலருகே பணிவாக இறங்கினான்.

ஒரு கூட்டத்தின் வேலையை மாற்ற நினைப்பவர் அதன் நம்பிக்கையோடு மோதக் கூடாது. அதைக் கேட்டறிந்து மதித்தால், வழக்கம் தானே வழிவிடும்.