வெயிலா மிதிச்ச பாத்தி

ஒரு ஊர்ல ஒரு கோவக்காரி இருந்தா. 'ம்' சொல்லு ஏட்டி. 'ம்' கேட்டாத்தான் அத்தைக்குக் கதை வரும்.

கடலோரத்து ஊரு அது. எங்கிட்டுத் திரும்பினாலும் உப்பளம். வெள்ளை வெளேர்னு கண்ணு கூசும். அவ பேரு வெயிலுகந்தா. ஊர்ல வெயிலான்னு கூப்பிடுவாங்க. மூக்கு நுனியிலயே கோவம் உக்காந்திருக்கும். கோழி குறுக்க வந்தா கோழியத் திட்டுவா, காத்து சேலைய இழுத்தா காத்தைத் திட்டுவா. ஆனா ஒண்ணு, காரணம் இல்லாம ஒரு மனுஷரை அவ திட்டினதே கிடையாது.

அவ புருஷன் காய்ச்சல்ல போயிட்டான். அவங்க வீட்டுக்குன்னு ஒரு சின்ன உப்பளம் இருந்துச்சு, மாமனார் காலத்துல இருந்து. புருஷனுக்குக் காரியம் முடிஞ்சு இன்னும் ஈரச்சேலை காயலை. அதுக்குள்ள அந்த ஊரு பெரிய உப்பளக்காரரு, கொம்பையா அண்ணாச்சி, ஆளை விட்டு அந்த உப்பளத்துக்கு வேலி போட்டுட்டாரு. அவருன்னு சொல்ல எனக்கு வாய் வரலை, அவன்னே சொல்லுதேன். வேலி போட்டுட்டான்! ஆம்பளை இல்லாத வீட்டுக்கு அளம் எதுக்குன்னு கேட்டானாம். எதுக்கா? கஞ்சி குடிக்கத்தான். வேற எதுக்கு?

ம்.

அப்போ ஊரு என்ன செஞ்சிருக்கணும்? அவன் சட்டையைப் புடிச்சுக் கேட்டிருக்கணும்லா? கேக்கலை. பக்கத்து வீட்டு கனியக்கா வந்தா, "பொறுத்துப் போ தாயி, பெரிய இடம்"னா. எதுத்த வீட்டுல இருந்து ஒருத்தர் வந்தாரு, "பொறுமையா இரும்மா, காலம் மாறும்"னாரு. பறிச்சவன்கிட்ட ஒரு வாய் பேச ஆளில்லை. பறிகொடுத்தவ வாசல்ல மட்டும் வரிசையா வந்து நின்னு பொறுமைய அள்ளிக் குடுக்காங்க. எனக்கு இப்ப நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

வெயிலா எந்திரிச்சா. முந்தானைய இழுத்துச் சொருகினா. விறுவிறு விறுவிறுன்னு நடந்து போயி, கொம்பையா வீட்டு முன்னால நடுத்தெருவுல நின்னா.

"என் அளத்தைக் குடுங்க அண்ணாச்சி."

அவன் வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தான். சிரிச்சான். எப்படிச் சிரிச்சான்? ஹெ... ஹெ... ஹெ... ஹெ. வயிறு மட்டும் குலுங்கும், கண்ணு சிரிக்காது, அந்தச் சிரிப்பு.

"ஏட்டி, உப்பு எடுக்கது பொம்பளை வேலையா? சரி, உனக்கு ஒரு வழி சொல்லுதேன். ஊருக்குத் தெக்க ஓட்டைப்பாத்தி கிடக்குல்லா? அதுல ஒரே ஒரு குவியல் உப்பு எடுத்துக் காட்டு, ஐப்பசி மழை விழுறதுக்குள்ள. காட்டிட்டேன்னா உன் அளத்தை உனக்கே தாரேன். காட்டலைன்னா ஆயுசு பூரா என் அளத்துல கூலி இல்லாம உப்புச் சுமக்கணும். இன்னொண்ணு. நடுவுல என் வீட்டு வாசல்ல வந்து சண்டை சத்தம் போட்டேன்னா, அப்பவே நீ தோத்தது கணக்கு. உன் வாயைப் பத்தி ஊருக்கே தெரியும்."

ஊரே கேட்டுக்கிட்டு நின்னுச்சு. அந்த ஓட்டைப்பாத்தியில தண்ணி விட்டா காலையில இருக்காது ஏட்டி. சொர்ர்ருன்னு மண்ணு குடிச்சிரும். எத்தனையோ பேரு பாத்துட்டு விட்டுட்டுப் போன இடம். தெரிஞ்சேதான் அதைக் குடுத்தான், படுபாவி.

"சரி"ன்னா வெயிலா. ஒரே வார்த்தை.

ம்? முழிச்சிருக்கியா? சரி.

பாத்தின்னா என்னன்னு உனக்குத் தெரியாதுல்லா. நம்ம வீட்டு முத்தம் மாதிரி சதுரமா இருக்கும், சுத்தி வரப்பு. சேத்துத் தரையைக் காலால மிதிச்சு மிதிச்சு, கல்லு மாதிரி இறுக்கணும். அப்புறம் கடல் தண்ணிய விட்டா வெயில்ல வத்தி வத்தி உப்புப் பூக்கும். தரை இறுகலைன்னா தண்ணி நிக்காது. தண்ணி நிக்கலைன்னா உப்பு ஏது?

அப்போ வெயிலா பாத்தியில இறங்கினா. அந்தச் சிரிப்பு காதுல கேக்குது, ஹெ ஹெ ஹெ ஹெ. ஓங்கி மிதிச்சா. தொம்! "இது உன் சிரிப்புக்கு." தொம்! "இது உன் வேலிக்கு." குதிச்சுக் குதிச்சு மிதிச்சா. சேறு தெறிச்சு மூஞ்சியெல்லாம் அப்பிக்கிச்சு. தொம் தொம் தொம் தொம். மிதிச்சு முடிச்சுத் தண்ணிய விட்டா. காலையில வந்து பாத்தா... சொர்ர்ரு. ஒரு பொட்டுத் தண்ணி இல்லை. 

வெயிலா பாத்தியத் திட்டினா. "நீயும் அவன் கட்சியா?"ன்னு கேட்டா. அப்புறம் உக்காந்து தரையப் பாத்தா. பாத்தா, தரை பூரா குழி குழியா கிடக்கு. எல்லாம் அவ குதிகால் விழுந்த குழி. அந்தக் குழி வழியாத்தான் தண்ணி இறங்கியிருக்கு. அவ கோவமே தரையைப் பொத்தலாக்கி வச்சிருக்கு ஏட்டி! 

அவளுக்கு அழுகை வந்துச்சு, அழலை. எந்திரிச்சா. இந்தத் தடவை குதிக்கலை. ஒரு காலை வச்சா, அது பக்கத்துல ஒட்டி இன்னொரு காலை வச்சா, அழுத்தினா. சதக்... சதக்... சதக்... கோவம் போயிருச்சான்னு கேக்கியா? எங்க போச்சு? அப்படியே இருந்துச்சு. ஆனா ஓங்கி இறக்காம, மெதுவா உள்ளங்கால் வழியா அழுத்தி அழுத்தி இறக்கினா. மேக்க இருந்து கிழக்க, கிழக்க இருந்து மேக்க. ஒரு வரிசை முடிஞ்சா அடுத்த வரிசை. வரப்புல போறவன் வாறவனெல்லாம் கேட்டான், "என்னம்மா, இன்னுமா மிதிக்கே?" அவ திரும்பிக்கூடப் பாக்கலை. காலு வெடிச்சு, வெடிப்புல உப்பு ஏறி, திகுதிகுன்னு எரியும். ராத்திரி வீட்டுல தேங்காயெண்ணெய் போட்டுத் தடவிக்கிட்டே கொம்பையாவத் திட்டுவா. விடிஞ்சா மறுபடியும் போயிருவா.

அப்புறம் ஒருநாள் தண்ணி விட்டா. காலையில பாத்தா, தண்ணி நிக்குது! சளக் சளக்னு காத்துல ஆடிக்கிட்டு அப்படியே நிக்குது.

ம். நல்லா மூடிக்கோ, கொசு கடிக்கும்.

தண்ணி நின்னாச்சு. இனி சும்மா இருக்கணும். ஏட்டி, அதுதான் அவளுக்கு மிதிக்கிறதை விடக் கஷ்டம். மிதிக்கணும்னா மிதிச்சிருவா. சும்மா இருன்னா? வெயிலுக்கு வேலை, அவளுக்கு வேலை இல்லை. காலையில வருவா, எட்டிப் பாப்பா. மத்தியானம் வருவா, விரலை விட்டு நக்கிப் பாப்பா. "ஏ சூரியா, உனக்குச் சோறு போடலையா? நல்லாத்தான் காயேன்!" அப்படின்னு வானத்தைப் பாத்துச் சண்டை போடுவா.

அப்போ ஒரு நாள் தண்ணி மேல பாலாடை மாதிரி மெல்லிசா மினுங்குச்சு. உப்பு! கொம்பையா மூஞ்சியில அடிச்ச மாதிரி உடனே கொண்டுபோயிக் காட்டணும்னு அவளுக்கு ஒரே ஆத்திரம். உப்பு வாருற பலகைய எடுத்து வறட் வறட்னு வாரிட்டா. வாரினா என்ன வந்துச்சு? அடிச்சேறும் ஆடையுமா கலந்து கரேர்னு ஒரு கூழு. அந்தக் கூழை யாரு உப்புன்னு சொல்லுவா? மாடு கூட நக்காது.

அந்த நேரம் பாத்து வரப்புல யாரு வந்து நிக்கான்? அவனேதான். வெள்ளிப்பூண் போட்ட கம்பை ஊனிக்கிட்டு. 

"உப்புக் கருப்பா இருக்கே வெயிலா, புது ரகமா?" ஹெ ஹெ ஹெ ஹெ.

அவளுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அவன் மேல கோவம், அவ மேலயே அதை விடக் கோவம். "அவசரக் குடுக்கை, அவசரக் குடுக்கை"ன்னு தன் தலையிலயே ஒரு கொட்டு வச்சுக்கிட்டா. கூழை அள்ளி எறிஞ்சா. தரை கீறியிருந்துச்சு. மறுபடி இறங்கினா. சதக்... சதக்... சதக்...

கனியக்கா அப்பவும் வந்தா. "போதும் தாயி. அண்ணாச்சி காலுல விழுந்துரு, கூலியாவது போட்டுக் குடுப்பாரு." வெயிலா சொன்னா, "அக்கா, முடிஞ்சா எனக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டா. இல்லைன்னா வெயிலை மறைக்காம தள்ளி நில்லு." கனியக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டா. போனா போறா!

ம்? என்ன, 'ம்' சத்தம் சிறுசாகுது? இனிமேதான் இருக்கு.

அப்புறம் ஆவணி வந்துச்சு. இந்தத் தடவை வெயிலா ஆடையத் தொடலை. விரல் துறுதுறுங்கும், கைய இடுப்புல சொருகிக்குவா. உப்பு அடியில போயி உக்காந்து, கல்லு கல்லா, கலகலன்னு வளந்து நிக்குது. இன்னும் ரெண்டு மூணு வெயில் போதும், வாரிரலாம். மத்தியானம் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போனா. திரும்பி வந்து பாக்கா... ஐயோ. வரப்பு உடைஞ்சு கிடக்கு. வாய்க்கால் தண்ணி மடமட மடமடன்னு உள்ள ஏறி, விளைஞ்ச உப்பு அத்தனையும் கரைஞ்சுபோச்சு.

வரப்பு தானா உடையலை. உடைஞ்ச இடத்துல ஈர மண்ணுல வட்ட வட்டமா குத்துக் குத்தாத் தடம். கம்புத் தடம். வெள்ளிப்பூண் போட்ட கம்பு அந்த ஊர்ல யாருகிட்ட இருக்கு? சொல்லு பாப்போம். ஆமா, அவன்கிட்டதான்!

வெயிலா உப்பு வாருற பலகையத் தூக்கினா. ஓடினா. தலைமுடி அவிழ்ந்து போச்சு, கால்ல முள்ளு தச்சுச்சு, எடுக்கலை. இன்னைக்கு அவன் மண்டைய ரெண்டாப் பொளக்கதுன்னு ஓடுதா. தெரு முனைக்கு வந்தா. அங்க இருந்து எட்டிப் பாத்தா, கொம்பையா வாசல்ல ஊர்ப் பெரியவங்க அத்தனை பேரும் நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க. எல்லாருக்கும் கையில கலர் பாட்டில். நடுவுல இவன், கம்பைத் தொடையில சாச்சு வச்சுக்கிட்டுத் தெருவையே பாத்துக்கிட்டு இருக்கான். 

அவ வருவான்னு காத்துக்கிட்டு இருக்கான் ஏட்டி! அவ வந்து கத்தணும், அதை ஊரு பாக்கணும், அப்பவே அவ தோத்தது கணக்கு. அவன் வரப்பை உடைச்சதே அவ வாயைத் திறக்க வைக்கத்தான்.

வெயிலா தெரு முனையிலயே நின்னா. மூச்சு புஸ் புஸ்ஸுன்னு வருது. போயி அடிச்சா எவ்வளவு நல்லா இருக்கும்! எனக்கே அடிக்கணும் போல இருக்கு, உனக்கு இல்லையா? ஆனா அந்த ஒரு அடிக்கு விலை ஆயுசு பூரா உப்புச் சுமக்கது. அவ பல்லைக் கடிச்சா, நறநறன்னு. அப்புறம்... திரும்பினா. வந்த வழியே நடந்தா. 

அங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. கலர் தீந்து போச்சு. பொழுது சாயுது. அவளைக் காணோம். அப்போ தெக்க இருந்து காத்துல ஒரு சத்தம் வருது. சதக்... சதக்... சதக்... கொம்பையாவுக்கு வெத்தலை தொண்டையில சிக்கி இருமல் வந்துருச்சு.

அப்புறம் புரட்டாசி. மேக்க மேகம் கறுத்துக்கிட்டு வருது. வெயிலா வரப்பை விட்டு நகரலை. கஞ்சியும் அங்கதான், உறக்கமும் அங்கதான். கம்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்குவா. மேகத்தைப் பாத்து, "வந்தே, தொலைச்சிருவேன்"னு விரலை ஆட்டுவா. ஆடை வந்துச்சு, தொடலை. ஆடை கெட்டியாச்சு, தொடலை. கல்லு அடியில உக்காந்துச்சு, பலகையத் தொட்டா, மறுபடி கீழ வச்சுட்டா. 

அப்புறம் ஒரு காலையில இறங்கி வாரினா. கலகல கலகலன்னு சத்தம். வெள்ளை வெளேர்னு, முத்து முத்தா உப்பு! வாரி வாரிக் குவிச்சா, அவ இடுப்பு உயரத்துக்கு. 

ஊரே ஓடியாந்துச்சு. கொம்பையாவும் வந்தான். ஊர்ப் பெரியவரு ஒருத்தரு ஒரு கல்லை எடுத்து வாயில போட்டுட்டு, "உப்புதான்யா. சுத்தமான உப்பு. அளம் அவளுக்குத்தான்"னுட்டாரு. அவரும் அத்தனை நாளு எங்க இருந்தாரோ! 

கொம்பையா இளிச்சான். "சும்மா உன்னைச் சோதிச்சுப் பாத்தேன் தாயி. கோவத்தையெல்லாம் விட்டுட்டுப் பொறுமையா இருந்தே பாரு, அதான் ஜெயிச்சுட்டே." கனியக்காவும் கன்னத்துல கை வச்சு, "ஆமா, எம்புட்டுப் பொறுமை!"ன்னா.

வெயிலா உப்புக் குவியலுக்குப் பின்னால இருந்து வந்தா. வெடிச்ச காலோட வந்து அவன் முன்னால நின்னா. கத்தலை. மெதுவாத்தான் சொன்னா, ஆனா கடைசியில நின்ன ஆளு வரைக்கும் கேட்டுச்சு.

"நான் எதையும் விடலை அண்ணாச்சி. அன்னைக்கு வந்த கோவம் அப்படியேதான் இருக்கு. இந்தத் தரையை மிதிச்சது அதுதான். இந்த உப்பைக் காத்தது அதுதான். இப்ப வேலியப் புடுங்கச் சொல்லுங்க. அதுக்கு முன்னால, நீங்க நிக்கது நான் கட்டின வரப்பு. காலை எடுங்க."

கொம்பையா குனிஞ்சு தன் காலைப் பாத்தான். ஒரு காலை எடுத்தான். அப்புறம் இன்னொரு காலையும் எடுத்தான்.

அவ்வளவுதான் ஏட்டி. உப்பும் வாரியாச்சு, மழையும் வந்தாச்சு, இனி பாத்திக்கும் உறக்கம், உனக்கும் உறக்கம். கண்ணை மூடு.